ஷட்டரின் மேல்பக்கம்

செக்‌ஷன் ஆபீஸிலிருந்து தாக்கீது வந்தது:
பாமணியாற்று ரெகுலேட்டர் லஸ்கர்
கிரீஸ் டப்பா, பெரிய ஸ்பேனர் சகிதம்
மன்னார்குடி நாடகக் கொட்டகைக்கு வரவும்.
நாடகத்துக்கும் எனக்கும் என்ன?
ஷட்டர் ஏற்றுவேன், ஷட்டர் இறக்குவேன்.
அதைத்தான் அங்கேயும் செய்ய வேண்டுமாம்.

மேடைக்கும் நாற்காலிகளுக்கும் நடுவே
உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தது அது.
இரும்புச் சட்டம், கம்பி வலை, இரு பக்கமும் கல்நார்த்துணி,
அடியில் பாதி உரிந்த பல்பொடி விளம்பரம்.
மேடையில் தீப்பிடித்தால் முப்பது விநாடிக்குள்
தரை தொட வேண்டும் என்றார்
தீயணைப்பு நிலைய அலுவலர் ஜெசிந்தா.
பத்தொன்பது வருஷமாக இறங்கவில்லை என்றான்
காவலாளி காத்தமுத்து,
விரதம் இருக்கிற ஆளைப் பற்றிச் சொல்வதுபோல.

ஏணியில் ஏறிப் பல்சக்கரத்தில் காது வைத்தேன்.
எங்கள் ஷட்டர் முனகுகிற அதே முனகல்.
தண்ணீரைத் தெரியும் எனக்கு.
அங்குலம் அங்குலமாக ஏறி
அளவுகோலில் தன் உயரத்தைச் சொல்லிவிட்டு நிற்கும்.
நெருப்புக்கு அளவுகோலை எங்கே நடுவது?

மண்ணெண்ணெய், கிரீஸ், சுத்தியலால் இரண்டு அடி,
ஒரு கெட்டவார்த்தை.
இறங்கியது.
புறாச் சிறகும், யார் வீட்டு வரவேற்பிலோ மிஞ்சிய ஜிகினாவும்,
கட்சிக்கொடி கட்டிய சணலும், ஒற்றைக் கொலுசும்
கூடவே கொட்டின.
நெல்மூட்டையை லாரியில் போடுகிற சத்தத்தோடு
தரையில் உட்கார்ந்தது.
இருபத்தேழு, என்றார் ஜெசிந்தா. கைதட்டினோம்.
காலியான அறுநூறு நாற்காலிகளும் பிழைத்துக்கொண்டன.

அப்போது திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்:
"ஏங்க, நாங்க இங்க இருக்கோம்."

ராத்திரி நாடகத்துக்கு வந்த செட்.
சரிகைத் துணி உதறிக்கொண்டிருந்த தனபாக்கியம்,
பாதி மீசை ஒட்டிய எமன்,
ஆர்மோனியப் பெட்டியில் தலைவைத்துத் தூங்கியவர்,
எல்லாமாக ஏழு பேர்.

ஓர் ஐப்பசி, நடுச்சாமம்.
மூடு என்று போன் வந்தது. மூடினேன்.
கீழே எட்டு ஊர் தப்பித்தது.
மேல்பக்கத்து ஊர்க்காரன் ஒருவன்
இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்து
என் டார்ச் வெளிச்சத்தில் நின்று கேட்டான்:
"எந்தப் பக்கம் நின்னுக்கிட்டு மூடினே?"
திட்டியிருக்கலாம். கேட்டுவிட்டுப் போய்விட்டான்.
அதன் பிறகு எந்த ஷட்டரை இறக்கினாலும்
மேல்பக்கம் போய் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பேன்.
பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. தெரியும்.

சுற்றிக்கொண்டு பின்னால் போனோம்.
பின்கதவு இருந்தது.
கதவில் பூட்டு. சாவி காண்டிராக்டரிடம்.
காண்டிராக்டர் திருச்சியில்.
உள்பக்கம் எண்பது பிளாஸ்டிக் நாற்காலிகளை
அடுக்கி வைத்திருப்பதாகக் காத்தமுத்து சொன்னான்.
மேட்டூர் திறந்து பதினாறு நாள்,
கொட்டகைத் தொட்டிக்கு இன்னும் தண்ணீர் வந்து சேரவில்லை.
மணல் வாளி நிறைய வெற்றிலை எச்சில்.

ஜெசிந்தா படிவத்தைப் புரட்டினார்.
திரை இறங்கும் நேரம்,
பார்வையாளர் வழிகள் நான்கு, அவற்றின் அகலம்.
நடிக்கிறவர்களுக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பேனாவால் தானே ஒரு கட்டம் போட்டார்.
எதுவும் எழுதாமல் என்னைப் பார்த்தார்.
கடப்பாரை எடு என்று யாரும் சொல்லவில்லை.
எடுத்தேன்.

ராத்திரி நாடகம் நடந்தது. நான் பார்க்கவில்லை.
பின்கதவை மலர்த்தி, அரைச் செங்கல் ஒன்றை அண்டக் கொடுத்து,
படியில் உட்கார்ந்திருந்தேன்.
நாலாவது காட்சி முடிந்து எமன் வந்தான்.
வியர்வையில் மீசை தொங்கியது.
பீடியைக் காட்டி நெருப்புக் கேட்டான்.
வெளியே வா, என்றேன்.
வாசலைத் தாண்டி வந்து பற்ற வைத்தான்.
குச்சியை ஊதி அணைத்து, மண்ணில் போட்டு,
சலங்கைக் காலால் இரண்டு தடவை தேய்த்தான்.
"கதவு தெறந்திருக்கா," என்றான்,
"அதான் உள்ள காத்து வருது."